என்ஜின் முன்னால், விரிசல் பின்னால்

போடியில் இரண்டு நாளாகச் சாரல். மேட்டுப்பக்கம் மேகம் இறங்கி நிற்கிறது.

இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். விஷயம் ஜீப். "டீச்சருக்கும் ஜீப்புக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிரிக்க வேண்டாம். மலைப்பள்ளியில் வேலை பார்த்த காலம் முழுக்க, விடியற்காலையில் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில் நெருக்கி உட்கார்ந்து போனவள் நான். எங்கள் வீட்டிலேயே ஒரு பழைய வில்லிஸ் மாடல் ஜீப் நிற்பதும் உங்களில் பலருக்குத் தெரியும். வேப்பமரத்தடியில் தார்ப்பாய் மூடிக் கிடந்ததே, அதுதான்.

போன மாதம் மகன் வந்தான். "அம்மா, அப்பா வண்டியை எடுத்து ரெடி பண்ணலாம். இதைவிடப் பெரிய டீசல் என்ஜினா வைக்கலாம். பின்னாடி சேஸிஸுக்கு கனமா பிளேட் அடிச்சுட்டா போதும், எந்தக் காட்டுக்கும் போகலாம்" என்றான். கூட்டாளிகளோடு மலையேற்றி ஓட்டும் ஆசை. ஆஃப்ரோடு என்கிறார்கள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பிளேட் அடிச்சுட்டா போதும்" என்ற சொல்லை இதே வாசலில் அவன் அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

பட்டறை வைத்திருக்கும் என் பழைய மாணவன் ஒருவனிடம் வண்டியை விட்டோம். நானும் நாலு நாள் பட்டறையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டேன். "டீச்சர், நீங்க பக்கத்துல இருந்தா இப்பவும் எனக்குக் கை நடுங்குது" என்று அவன் சிரித்தான். கணக்கில் மட்டம். ஆனால் இரும்பைத் தட்டிப் பார்த்தே எங்கே துரு உள்ளே இறங்கியிருக்கிறது என்று சொல்கிறான். அவனிடம் கற்றதையும், எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட அறிவியலையும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த வண்டியின் பூர்வீகம். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பை அமெரிக்கப் படையினர் "கால் டன் வண்டி" என்று வகைப்படுத்தினார்கள். அவர்கள் கணக்கில் கால் டன் என்பது சுமார் 230 கிலோ. அந்தக் குடும்பத்து ஜீப்பை மகிந்திரா நிறுவனம் 1947-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்து பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே. 3பி மாடல்தான் நம் மலைகளில் பல பத்தாண்டுகள் ஓடியது. அந்த மாடலின் பானெட் மட்டும் ஏன் அவ்வளவு உயரம் தெரியுமா? 1953-ல் வில்லிஸ் கம்பெனியே பழைய ஜீப்புக்குள் அதைவிட உயரமான, சக்தி கூடிய பெட்ரோல் என்ஜினை வைத்தது. என்ஜின் உள்ளே அடங்கவில்லை, பானெட்டைத் தூக்கிவிட்டார்கள். என்ஜின் மாற்றும் ஆசை நம் பிள்ளைகளுக்கு மட்டும் வந்தது இல்லை. பிறகு பெட்ரோல் விலை ஏற, டிராக்டர் வம்சத்து டீசல் என்ஜினும், எண்பதுகளில் பிஜோ உரிமத்தில் செய்த டீசல் என்ஜினும் மகிந்திரா ஜீப்புகளில் வந்தன. கம்பெனி செய்ததைப் பார்த்துப் பட்டறைகளும் பழைய பெட்ரோல் வண்டிகளில் கிடைத்த டீசல் என்ஜினையெல்லாம் இறக்கின.

இங்கேதான் நான் வகுப்பில் கேட்பதுபோல ஒரு கேள்வி. என்ஜின் இருப்பது முன்னால். அப்படியிருக்க, என்ஜின் மாற்றிய வண்டியில் சேஸிஸ் பின்பக்கம் விரிசல் விடுவது ஏன்?

முன்பக்கமும் விடும்தான், என்ஜின் உட்காரும் இடத்தில். ஆனால் பின்பக்கத்துக்குத் தனிக் காரணம் இருக்கிறது. வண்டியைத் தள்ளுவது என்ஜின் என்று நினைக்கிறோம். என்ஜின் சுழற்றுகிறது, அவ்வளவுதான். தரையை உதைப்பது சக்கரம். அந்த உதை பின் அச்சுக்கு வந்து, ஸ்பிரிங் பட்டையின் முன்பாதி வழியாக, பட்டையின் முன்கண் மாட்டியிருக்கும் ஹேங்கருக்கு வந்து, அங்கேயிருந்துதான் சேஸிஸைத் தள்ளுகிறது. மொத்த வண்டியையும் ஏற்றத்தில் தள்ளிக்கொண்டு போவது உள்ளங்கை அளவு இரும்பு. லோ கியரில் முதல் கியர் போட்டால் என்ஜினின் முறுக்கு 30 மடங்குக்கு மேல் பெருகித்தான் சக்கரத்துக்கு வருகிறது. என்ஜின் பெரிதானால் அந்த முறுக்கும் அதே மடங்கில் பெருகும். அச்சு தன்னையே சுருட்டிக்கொள்ளப் பார்க்கும், பட்டை நெளியும், ஹேங்கர் சேஸிஸைப் பிய்க்கப் பார்க்கும். ஏற்றத்தில் வண்டியின் எடையும் பின்பக்கம் சாயும். போதாததற்கு நம் ஊர்ப் பழக்கம், பின் அச்சுக்கும் பின்னால் மூட்டையும் ஆளும்.

அடுத்தது முறுக்கு விஷயம். ஜீப் சேஸிஸ் ஏணி மாதிரி. இரண்டு நீளச் சட்டம், நடுவே குறுக்குச் சட்டங்கள். எங்கள் வண்டியில் பின்பக்க நீளச் சட்டங்கள் 'ப' எழுத்தைப் பக்கவாட்டில் சாய்த்ததுபோல ஒருபக்கம் திறந்தவை. பட்டறையில் மகனுக்கு ஒரு செய்முறை காட்டினேன், நீங்களும் செய்து பாருங்கள். ஒரு தாளைக் குழலாகச் சுருட்டி, விளிம்பை ஒட்டாமல் பிடித்து முறுக்குங்கள். சுலபமாக முறுங்கும். அதே தாளை விளிம்பு முழுக்க ஒட்டி, காய்ந்தபின் முறுக்குங்கள். அசையாது. தாள் அதே தாள்தான், எடை கூடவில்லை. வாய் மூடியதால் வந்த பலம் அது. சேஸிஸில் 'ப'வின் திறந்த வாயை இன்னொரு தகட்டால் மூடிப் பெட்டியாக்குவதும் இதே பாடம்தான்.

"அப்போ முழுச் சட்டத்தையும் மூடிடலாமே?" என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. கல்லும் குழியுமான பாதையில் இடது முன்சக்கரம் மேலே, வலது பின்சக்கரம் மேலே என்று வண்டி குறுக்காக ஏறும். அப்போது சேஸிஸ் கொஞ்சம் முறுங்கிக் கொடுக்க வேண்டும். கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்காவிட்டால், மூடிய பகுதி முடிகிற இடத்தில், அல்லது அடுத்த ரிவெட்டில், அல்லது பாடி உட்காரும் இடத்தில் அது வெடிக்கும். விரிசல் மறையாது, இடம் மாறும்.

இனி, தள்ளிப்போட்ட கதை.

1994 ஐப்பசி. ஏலக்காய் எடுப்பு மும்முரம், அடைமழை. எங்கள் வீட்டுக்காரர் குத்தகைத் தோட்டத்துக்கு இந்த ஜீப்பில்தான் ஆள் ஏற்றிப் போவார். பழைய என்ஜினை மாற்றி ஒரு பெரிய டீசல் என்ஜின் வைத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. பின்பக்கம் ஹேங்கருக்கு மேலே ஒரு விரிசல் வந்தது. ஒரு பட்டறையில் விட்டு, சேஸிஸைவிட இரண்டு மடங்கு கனத்தில் பிளேட் வைத்து, நாலு பக்கமும் நேராக வெட்டி, சுற்றிலும் வெல்டிங் அடித்து வாங்கி வந்தார். "கனமா பிளேட் அடிச்சாச்சு. இனி யானையே ஏறினாலும் தாங்கும்" என்றார். அதுவரை பத்துப் பேர் ஏற்றியவர், அதற்குப் பிறகு பதினாறு பேர் ஏற்றினார். சாயங்காலம் இறங்கும்போது பின்னால் பச்சைக்காய் மூட்டையும்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. தோட்டப் பாதையில் இறங்கும்போது பின் ஹேங்கர் சேஸிஸோடு பிய்த்துக்கொண்டது. அச்சு ஒரு பக்கம் ஓடியது, வண்டி மலைப்பக்கமே சாய்ந்து மண்சுவரில் போய் நின்றது. மறுபக்கம் சாய்ந்திருந்தால் இந்தப் பதிவை எழுத எனக்குக் கை வந்திருக்காது. பின்னால் தொங்கிக்கொண்டு வந்த ஒரு தாய்க்குக் கால் முறிந்தது. அவர் மகள் அப்போது என்னிடம் மூன்றாம் வகுப்பு. அந்தப் பிள்ளை ஐந்து வாரம் பள்ளிக்கு வரவில்லை. வீட்டில் சமைக்கவும் தண்ணீர் எடுக்கவும் வேறு ஆள் இல்லை. தினமும் வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே நான் ஆப்சென்ட் போடுவேன். யாரால் ஆப்சென்ட் என்று எனக்குத் தெரியும். வைத்தியச் செலவு நாங்கள்தான் பார்த்தோம். ஆனாலும் அந்த அம்மா பிறகு விந்தி விந்தித்தான் நடந்தார். எங்கள் வீட்டுக்காரர் கடைசி வரை அதைப் பற்றிப் பேசியதே இல்லை. வண்டியை மறுபடி சரிசெய்து கொஞ்ச நாள் ஓட்டினார், பிறகு நிறுத்திவிட்டார். தார்ப்பாய்க்குக் காரணம் இதுதான். பிள்ளைகளிடம்கூட நான் இதை முழுதாகச் சொன்னதில்லை.

இப்போது பட்டறையில் பாடியைத் தூக்கி இறக்கி, சேஸிஸைக் கழுவி, கம்பி பிரஷ் போட்டபோது அந்தப் பழைய பிளேட்டின் மிச்சம் தெரிந்தது. என் மாணவன் விரலால் காட்டினான். "பாருங்க டீச்சர், பிளேட்டு உடையல, பழைய விரிசலும் திறக்கல. பிளேட்டு முடியுற கோட்டுல, வெல்டிங் ஓரத்துலயே புதுசா கிழிஞ்சிருக்கு." பிளேட்டுக்கு உள்ளே கல்போலக் கெட்டி, அதற்கு வெளியே ஒரு நூல் தள்ளினால் பழைய மெல்லிய இரும்பு. கெட்டியும் மெலிவும் சட்டென்று சந்திக்கிற அந்தக் கோட்டில்தான் மொத்த நெளிவும் வந்து சேர்ந்திருக்கிறது. முப்பது வருஷம் கழித்து எனக்குக் கிடைத்த விளக்கம் அது.

அதனால் இந்த முறை எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன். ஜீப் வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு உதவும்.

முதல் வேலை பெட்ரோல், டீசல் டேங்கைக் கழற்றுவது. இந்த மாடலில் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே இருக்கும். பேட்டரி வயரையும் கழற்றிவிட வேண்டும். அதன் பிறகே வெல்டிங்.

அடுத்து அளவு. சேஸிஸைச் சமதரையில் தாங்கி, தூக்குக்குண்டு விட்டு, தரையில் சாக்பீஸ் குறி வைத்து, மூலைக்கு மூலை டேப் பிடித்தோம். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால்தான் சட்டம் நேர். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று ஒப்பித்தீர்களே, இதற்குத்தான் அது! எங்களுடையது ஒரு பக்கம் கோணியிருந்தது. கோணலை எடுக்காமல் பலப்படுத்தினால், கோணல்தான் பலப்படும்.

விரிசல் இருந்தால் மேலே தகடு வைத்து மறைக்கக் கூடாது. விரிசல் முடிகிற நுனியில் சின்னதாக ஒரு துளை போட வேண்டும், அப்போதுதான் அது மேலே ஓடாது. பிறகு விரிசலைக் கிரைண்டரில் 'வி' வடிவில் திறந்து, அடிவரை வெல்டிங் நிரப்பி, மட்டமாகத் தேய்த்து, அதற்குப் பிறகே தகடு. தகடு சேஸிஸ் கனத்தை ஒட்டியே இருக்கட்டும். இரண்டு முனைகளையும் நேராக வெட்டாமல் ஈட்டிமுனைபோலச் சரித்து வெட்ட வேண்டும், பலம் படிப்படியாகக் குறைந்து முடியும். சட்டத்தின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் குறுக்காக வெல்டிங் ஓட்டக் கூடாது, துளையும் போடக் கூடாது. வளைவின் இழுப்பும் அழுத்தமும் அங்கேதான் அதிகம். துளை வேண்டுமானால் நடுச்சுவரில். வெல்டிங்கையும் ஒரே ஓட்டமாக ஓட்டாமல் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று விட்டுவிட்டு அடித்தான், இல்லாவிட்டால் சூட்டில் சட்டம் கோணும்.

பின் ஸ்பிரிங்கின் முன் ஹேங்கரைச் சுற்றிய பகுதியை மட்டும் உள்தகடு வைத்துப் பெட்டியாக மூடினோம். அடியில் தண்ணீர் வடிய துளை விட்டோம். மூடிய பெட்டிக்குள் நம் ஊர்ச் சேறு தேங்கினால் உள்ளிருந்தே தின்றுவிடும். ஹேங்கர் போல்ட் போகும் இடத்தில் உள்ளே ஒரு குழாய்த்துண்டு வைத்தோம், முடுக்கும்போது சட்டம் நசுங்காமல் இருக்க. கடைசிக் குறுக்குச் சட்டம் நீளச் சட்டத்தோடு சேரும் இரண்டு மூலையிலும் முக்கோணத் தகடு. இழுக்கும் கொக்கியைக் குறுக்குச் சட்டத்தின் நடுவில் மட்டும் மாட்டாமல், அதன் இழுப்பு இரண்டு நீளச் சட்டத்துக்கும் போகும்படி கட்டினோம். அச்சு துள்ளி சேஸிஸை இடிக்காமல் இருக்க ரப்பர் ஸ்டாப்பர் புதிதாக. ஒன்று கவனம்: இது பழைய மைல்ட் ஸ்டீல் சேஸிஸுக்கான முறை. இன்றைய புது வண்டிகளின் உயர்வலிமை இரும்பில் இப்படி வெல்டிங் அடித்தால் சூடு பட்ட இடம் பலவீனமாகும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு மகன் கேட்டான், "இப்ப பெரிய என்ஜின் வைக்கலாம்ல?"

என் கருத்து, வேண்டாம். மூன்று காரணம் சொன்னேன்.

ஒன்று, சேஸிஸ் பலமானதால் பிரேக் பலமாகிவிடாது. ஏற்றம் ஏறுவதற்கு என்ஜின் வேண்டும், சரி. போடிமெட்டிலிருந்து 17 கொண்டை ஊசி வளைவும் இறங்கி முந்தலுக்கு வர வேண்டுமே! எடை கூடிய வண்டியைப் பிடித்து நிறுத்தப்போவது அதே பழைய டிரம் பிரேக், திருப்பப்போவது அதே பழைய ஸ்டியரிங்.

இரண்டு, சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் இதை உறுதி செய்தது. பழுதான என்ஜினுக்குப் பதில் அதே வகை என்ஜின் வைப்பதற்கே பதிவு அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும், ஆர்.சி.யில் ஏற வேண்டும். ஆர்.சி.யில் ஒன்று, வண்டியில் ஒன்று என்று இருந்தால், விபத்து நடந்த அன்றைக்கு இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். பலம் சேர்த்தது எதற்கு? வராத ஆபத்துக்கு ஒரு கையிருப்பாக இருக்கட்டும் என்று. எங்கள் வீட்டுக்காரர் அந்தக் கையிருப்பை அன்றைக்கே செலவழித்தார், ஆறு ஆளாக. நீ அதை என்ஜினாகச் செலவழிக்கப் பார்க்கிறாய். இரண்டும் ஒன்றுதான். சேர்த்த பலத்தை உடனே சுமையாக மாற்றிவிட்டால், நாம் பலப்படுத்தவே இல்லை என்று பொருள்.

ஆஃப்ரோடு போகட்டும், நான் தடுக்கவில்லை. கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் பாருங்கள், 7,000 அடிக்கு மேல், பாதை என்று சொல்லவே முடியாத பாதையில், அனுபவசாலி டிரைவர்கள் கியரை அறிந்து, நிதானம் அறிந்துதான் போகிறார்கள். அவசரப்படுகிறவனுக்கு எந்த என்ஜினும் போதாது.

கடைசியாக ஒரு வார்த்தை. பிள்ளைகளே, உங்களுக்கு ஆஃப்ரோடு ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு. நம் ஊர்ப் பெண்களுக்கு அதுதான் வேலைக்குப் போகும் வழி. இன்றும் இருட்டோடு சோற்று வாளியைத் தூக்கிக்கொண்டு ஜீப் ஏறுகிறார்கள். பூப்பாறைக்கும் சாந்தம்பாறைக்கும் போய் இருட்டோடு திரும்புகிறார்கள். அவர்கள் ஏறும் வண்டியின் அடியில் யாராவது டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார்களா? ஆசைக்கு ஓட்டும் ஒரு ஜீப்புக்கு இவ்வளவு பணம் போட்டு சேஸிஸ் கட்டுகிறோம். கூலிக்குப் போகிறவர்களைச் சுமக்கும் ஜீப்புகளுக்குத்தான் இந்த வேலை முதலில் நடக்க வேண்டும். என் மாணவர்களில் ட்ரிப் ஜீப் ஓட்டுகிறவர்கள் பலர் இருக்கிறீர்கள். மாதம் ஒருமுறை வண்டிக்கு அடியில் படுத்து ஹேங்கரையும் கடைசிக் குறுக்குச் சட்டத்தையும் துடைத்துப் பாருங்கள். துருக்கோடு ஒரு முடி அளவுக்குத் தெரிந்தாலும் அன்றைக்கு வண்டி எடுக்காதீர்கள். ஆர்.சி.யில் எத்தனை பேரோ அத்தனை பேர். ஒரு நாள் கூலி போகும், அது திரும்ப வரும். தோட்ட முதலாளிகளாக இருக்கும் என் மாணவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: ஒரு ஜீப் கூடுதலாக அமர்த்துங்கள். ஏலத்தில் நல்ல விலை கிடைத்த அன்று அந்தச் செலவு பெரிதாகத் தெரியாது.

மகன் "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போயிருக்கிறான். வண்டி இப்போதைக்குப் பட்டறையில், ஆர்.சி.யில் உள்ள அதே வகை டீசல் என்ஜினோடு நிற்கிறது. டேஷ்போர்டில் எத்தனை பேர் ஏறலாம் என்று வெள்ளைப் பெயின்ட்டில் என் கையால் எழுதிவிட்டேன். கரும்பலகையில் எழுதிய அதே எழுத்துதான், மாணவர்களுக்கு அடையாளம் தெரியும்.

அந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளை இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இந்தப் பதிவை நீயும் படிப்பாய் என்று தெரியும் அம்மா. அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்கிறேன். தவறு எங்களுடையது. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

என்றும் அன்புடன்,
உங்கள் டீச்சர்